ஒடுக்கு எடுத்த கைகள்: ஜி.எஸ்.டி. சாலையின் இன்னொரு தொழிற்கல்வி

1949-ல் திரு. சி. ராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் நம் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோதே ஆட்டோமொபைல் ஒரு தனிப் பாடப்பிரிவாக இருந்தது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த பெருமைதான். ஆனால் அதே ஜி.எஸ்.டி. சாலையில், பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை தகரக் கொட்டகைகளில் இன்னொரு ஆட்டோமொபைல் கல்வியும் நடந்து வந்திருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது, பட்டமளிப்பு விழாவும் கிடையாது. மோதி நசுங்கிய வண்டியை மறுபடி வண்டியாக்கும் டிங்கரிங், பெயின்டிங் வேலையைத்தான் சொல்கிறேன்.

சென்னையில் இந்தத் தொழிலின் வேர் கார் வருவதற்கு முன்பே இருக்கிறது. 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி முதலில் குதிரை வண்டி கட்டிய கம்பெனி. அங்கேதான் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். மரச்சட்டத்தின் மேல் தகட்டை வளைத்துப் பொருத்தும் கோச் பில்டிங் கைவேலைதான் பிறகு பஸ் பாடி கட்டவும், கார் பாடி சரிசெய்யவும் அடிப்படையானது.

நம் பக்கத்துக்கு வந்தால் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். 1961-லிருந்து அங்கே தயாரான ஹெரால்டு கார், டிங்கருக்கு ஒரு நல்ல பாடம் என்றே சொல்லலாம். அதற்குத் தனி சேசிஸ். அதன் மேல் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். பானட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டும் சேர்ந்தே எழும்பும். அடிபட்ட துண்டைக் கழற்றி, தட்டி, திரும்ப மாட்டிவிடலாம். 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988-ல் ஆலை மூடப்பட்டது.

பட்டறையில் பாடம் எப்படி நடந்தது? பையன் முதலில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவான், பிறகு வாட்டர் பேப்பர் தேய்ப்பான். அப்புறம் மேஸ்திரி வெளியிலிருந்து சுத்தியால் தட்ட, இவன் உள்பக்கம் டாலி கட்டையைப் பிடிப்பான். ஒடுக்கு சரியாக வந்ததா என்று கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். தகடு நீண்டு போனால் காஸ் வைத்துச் சூடாக்கி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்க வேண்டும். சூடான உலோகம் விரிய இடமில்லாமல் தடித்து, குளிரும்போது சுருங்கும் என்பதை நாம் வகுப்பில் படித்தோம். அவர்கள் அதைக் கையால் கற்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சான்றிதழ் மட்டும் அவர்களுக்கு இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல். இது ஏறக்குறைய 650 கிலோ. அம்பாசிடருக்கும் தனி சேசிஸ் இல்லைதான், ஆனால் அதன் கனத்த தகடு சுத்தியலைத் தாங்கியது. மெல்லிய தகட்டில் அந்தக் கணக்கு செல்லாது. பிறகு 1990களின் இறுதியில் மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று ஆலைகள் வந்தன. ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது வேறு கதை.

இன்றைய காரில் முன்பாகம் மடங்கி மோதலின் ஆற்றலை உள்வாங்க வேண்டும். ஆட்கள் இருக்கும் கூடு மடங்கவே கூடாது. கதவருகே உள்ள தூண்களுக்கு 1,500 மெகாபாஸ்கல் அளவு வலிமையுள்ள போரான் எஃகு பயன்படுகிறது. அதைப் பழைய வழக்கப்படி காஸ் வைத்து நிமிர்த்தினால் வலிமை போய்விடும். பெயின்ட் அடித்த பிறகு பார்த்தால் புதுக்கார் மாதிரி இருக்கும். அடுத்த மோதலில்தான் உண்மை தெரியும்! 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கும், 2019 அக்டோபரில் எல்லா கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயமானது. ஆலையில் இவ்வளவு சோதித்து அனுப்பிய பாதுகாப்பு, ஒரு தவறான வெல்டிங்கில் வீணாகலாம்.

வேலை செய்பவரின் உயிரும் இதில் இருக்கிறது. இப்போதைய இரட்டைக் கலவை பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. மூக்கில் கைக்குட்டை கட்டினால் அது நிற்காது, ஆஸ்துமா வரும். வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும்.

பயிற்சிக்கு வழி இல்லாமல் இல்லை. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஆட்டோ பாடி ரிப்பேர், ஆட்டோ பாடி பெயின்டிங் இரண்டும் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கான ஓராண்டுப் பிரிவுகள். அனுபவஸ்தர்களின் முன்அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் உண்டு. 1961-ன் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2023 முதல் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் புதிய தொழில்நுட்ப மையங்கள் வந்துள்ளன. ஆனால் இதெல்லாம் அந்தக் கொட்டகைக்குள் போய்ச் சேர வேண்டுமே?

அங்கேதான் நமக்கு வேலை. நம்மில் பலர் கார் கம்பெனிகளில் வடிவமைப்பிலும் சோதனையிலும் இருக்கிறோம். எந்தத் தகட்டைச் சூடாக்கலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்று நம் கம்பெனிகளின் ரிப்பேர் கையேடு சொல்கிறது. அதைத் தமிழில், படத்தோடு கொடுக்க முடியும். சோதனை முடிந்த பாடிகளைப் பயிற்சிக்கூடங்களுக்கு வாங்கித் தர முயலலாம். மாணவத் தம்பி தங்கைகளே, ஒரு விடுமுறையில் பத்து நாள் பட்டறையில் போய் நில்லுங்கள். எஃகைப் பற்றி நீங்கள் அவர்களுக்குச் சொல்லலாம். உள்ளங்கையால் எப்படிப் பார்ப்பது என்று அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். ஒரே சாலையில் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் எதிரும் புதிருமாக இருந்துவிட்டோம். இனியாவது பேசிக்கொள்வோம்.