பக்கமும் படமும்: ஆவணப் பிரதியாக்க வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நூலொன்றைப் பிரதி செய்தல் என்பது நெடுங்காலமாக எழுத்தைப் பார்த்து எழுத்தை எழுதும் தொழிலாகவே இருந்து வந்தது. ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதியவன் தான் வாசித்ததையே எழுதினான். வாசிக்க இயலாததை விட்டான். பிழையெனத் தனக்குத் தோன்றியதைத் திருத்தினான். எனவே அவன் ஆக்கிய சுவடியை மூலத்தின் பிரதி என்பதிலும் பார்க்க, மூலத்தை அவன் விளங்கிக்கொண்ட வகை என்பதே பொருந்தும். பாடபேதங்களுள் பெரும்பகுதி இவ்வாறு பிறந்ததே. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரே நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க நேர்ந்தமைக்கும் இதுவே காரணமாகும்.

ஒளிப்படக் கருவியின் வருகையோடு இந்நிலை மாறிற்று எனப் பலரும் கருதினர். பக்கத்தை வாசியாமலே பக்கத்தின் உருவத்தைப் பெறலாம். பெயர்த்தெழுதுவோனின் அறியாமையும் அறிவும் ஒருங்கே விலக்கப்படுகின்றன. ஆதலின் படம் பொய் சொல்லாது என்பது அவர்தம் நம்பிக்கை. நுண்படச்சுருள் தொடக்கம் இன்றைய கணனிப் படக்கோப்பு வரையிலான வரலாற்றை நோக்குமிடத்து, இந்நம்பிக்கை முற்றும் ஏற்கத்தக்கதன்று என்பது புலனாகும். பக்கத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்னும் தீர்ப்பு ஒவ்வொரு முறையிலும் ஏதோ ஓரிடத்தில் அளிக்கப்பட்டே வந்துள்ளது. பெயர்த்தெழுதியவன் அதனை அறிந்து செய்தான். பின்வந்த கருவிகளில் அது கண்ணுக்குப் புலப்படாத இடத்திற் சென்று அமர்ந்துகொண்டது.

1839ஆம் ஆண்டிலேயே மஞ்செஸ்ரர் நகரின் யோன் பெஞ்சமின் டான்சர் என்பார் ஆவணமொன்றை 160இல் ஒரு பங்காகச் சிறுப்பித்துப் படமாக்கினார். ஆயினும் அது நெடுங்காலம் ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. அதற்கு உண்மையான தேவை போரினால் ஏற்பட்டது. 1870 செப்ரெம்பரில் பிரசியப் படைகள் பரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, ரெனே டக்ரோன் என்ற ஒளிப்படக் கலைஞர் நவம்பர் 12ஆந் திகதி வாயுக்கூண்டில் ஏறி நகரை விட்டு வெளியேறினார். வழியில் கருவிகளுட் பெரும்பகுதியை இழந்தும், வெளியே தங்கியிருந்த பிரெஞ்சு அரசாங்கத்தின் செய்திகளையும் மக்களின் கடிதங்களையும் மெல்லிய கொலோடியன் ஏடுகளிற் சிறுப்பித்தார். அவ்வேடுகள் இறகுத் தண்டில் இடப்பட்டுப் புறாவின் வாலிறகிற் கட்டி அனுப்பப்பட்டன. அனுப்பப்பட்ட புறாக்களுள் சிறுபகுதியே நகரை அடைந்தன. அதனால் ஒரே ஏடு பல புறாக்களில் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டது. பரிசில் அவற்றை விளக்கொளியாற் சுவரிற் பெருப்பித்துக் காட்ட, எழுதுவினைஞர் அமர்ந்து கையால் எழுதி எடுத்தனர். படம் இங்கு ஒரு வாகனம் மாத்திரமே. பயணம் முடிந்ததும் எழுத்து மறுபடியும் எழுதுவோனின் கையையே சேர்ந்தது.

படத்தையே நூலாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் 1906இல் பெல்ஜியத்துப் போல் ஒற்லே, றொபேட் கோல்ட்சிமிற் ஆகிய இருவரின் முன்மொழிவில் வெளிப்பட்டது. ஆனால் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தவை வங்கிகளே. வாடிக்கையாளரிடம் திருப்பியனுப்பப்படும் காசோலைகளுக்குச் சான்று வேண்டுமென எண்ணிய நியூயோர்க் வங்கியாளர் ஜோர்ஜ் மக்கார்தி, அவற்றைத் தொடர்ச்சியாகப் படச்சுருளிற் பதியும் பொறியொன்றை அமைத்தார். 1928இல் கொடாக் நிறுவனம் அதனை வாங்கிற்று. இக்காலத்திலேயே, 1927க்கும் 1935க்கும் இடையில், அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் பிரித்தானிய நூலகச் செல்வங்களுள் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களைப் படமாக்கிப் பெற்றுக்கொண்டது. 1938இல் மிச்சிகனில் யூஜின் பவர் நிறுவிய நுண்பட நிறுவனம் இதனை வணிகமாகவே வளர்த்தது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் சுவடிகள் குண்டுகளுக்கு இரையாகலாம் என்னும் அச்சத்தினால் 1941 முதல் அவை பெருந்தொகையாகப் படமாக்கப்பட்டன.

அந்நாளில் எவரும் மூலத்துக்கு மாற்றாகப் படத்தைக் கருதவில்லை என்பது இவ்விடத்து நோக்கற்பாலது. மூலம் தொலைவில் உள்ளது, அல்லது அழியக்கூடும், ஆகவே படம். இவ்வுறவு தலைகீழானது போருக்குப் பிற்பட்ட பல்லாண்டுகளிலேயாகும். மரக்கூழிற் செய்த செய்தித்தாள் பழுத்து நொறுங்கும், இடத்தையும் அடைக்கும் என்ற காரணங்களைக் காட்டி, அமெரிக்க நூலகங்கள் பல படச்சுருளைப் பெற்றதும் தாள்களை விற்றன, அல்லது கழித்தன. படமெடுக்கும் வசதிக்காகக் கட்டடத் தொகுதிகளின் முதுகு வெட்டப்பட்டது. நிறப்படங்களோடு வெளியான ஞாயிறு இதழ்கள் கறுப்பு வெள்ளைச் சுருளாகின. அச்சுருள்களும் நிலைத்தனவா எனின், அதுவும் இல்லை. அசெற்றேற்று அடித்தளங் கொண்டவை காலப்போக்கிற் காடிமணம் வீசிச் சுருங்கத் தொடங்கின. பக்கம் விடுபட்டவையும் மங்கலாகப் பதிந்தவையும் ஆய்வாளர் தேடிச் சென்றபோதுதான் தெரியவந்தன. அப்போது திரும்பிப் பார்ப்பதற்கு மூலம் இல்லை. 1999இல் பிரித்தானிய நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்கச் செய்தித்தாட்களை விற்கத் துணிந்தபோது, எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் தம் சொந்தப் பொறுப்பில் அவற்றுட் பெருந்தொகுதிகளை வாங்கிக் காத்தார். 2001இல் அவர் வெளியிட்ட நூல் நூலகத்துறையிற் கடும் விவாதத்தை எழுப்பிற்று. அவருடைய குற்றச்சாட்டுகள் யாவும் நடுநிலையானவை எனக் கூறுவதற்கில்லை. இடமும் பணமும் இன்றித் தவித்த நூலகரின் நிலையை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. எனினும், எடுத்த படத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யார் என்ற அவரது வினாவுக்குத் தக்க விடை கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர் காத்த தாள்கள் 2004இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன.

கணனியின் வழி வந்த படத்தின் கதை வேறொரு திசையில் தொடங்குகின்றது. 1957இல் அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகத்தில் றசல் கேர்ஷ் என்பார் தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை வருடிக் கணனியிற் சேர்த்தார். பக்கமொன்றுக்கு 176 புள்ளிகளாக அமைந்த சதுரம் அது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, இடைநிலை இல்லை. எவ்வளவு கருமைக்கு மேற்பட்டதைக் கறுப்பு என்பது எனும் எல்லையை மனிதனே வகுக்க வேண்டியிருந்தது. இவ்வாறு சாம்பல் நிறம் தொலைவதைக் கண்ட அவர், எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை வருடி அவற்றை ஒன்றாக இணைத்தார். அவர் கண்டுகொண்ட குறையை அவருக்குப் பின் ஆவணங்களை வருடியோர் பலர் பொருட்படுத்தவில்லை. எழுத்தென்பது வெள்ளைத் தாளிற் கறுப்பு மை. ஆகவே இரு நிறமும் போதும் என்பது அவர்களுடைய துணிபு.

இத்துணிபுக்குச் செலவும் ஒரு காரணமாகும். ஏ-4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியாக வருடினால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். இரு நிறத்தில் அதற்கு ஒரு மெகாபைற்றுக்குச் சற்று மேற்பட்ட இடம் போதும். முழு நிறத்தில் 26 மெகாபைற்று வேண்டும். இருநிறப் படத்தை மேலும் சுருக்குவதற்கான வழி தொலைநகலிலிருந்து வந்தது. அனைத்துலகத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு 1980இலும் 1984இலும் வகுத்த நியமங்கள், ஒரு கோட்டில் வெள்ளை எவ்வளவு தூரம் ஓடுகின்றது, கறுப்பு எவ்வளவு தூரம் ஓடுகின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்வன. பெரும்பாலும் வரும் நீளத்துக்குச் சிறு குறியும், அருகி வரும் நீளத்துக்கு நெடுங்குறியும் அளிக்கப்பட்டன. இம்முறைகளைச் சோதிப்பதற்கெனக் கொண்ட மாதிரிப் பக்கங்கள் எட்டே. ஆங்கிலக் கடிதம், பிரெஞ்சு விலைப்பட்டியல், மின்சுற்று வரைபடம், யப்பானிய எழுத்துப் பக்கம் முதலியன அவற்றுள் அடங்கும். இந்திய எழுத்துகளில் எதற்கும் அவற்றில் இடமில்லை. இதிற் சதியேதும் இல்லை. ஆனால் எழுத்தின் இயல்பு பற்றிய ஒரு கணிப்பு, எட்டுப் பக்கங்களிலிருந்து உலகெங்கும் பரவிற்று என்பது வரலாற்று மாணவர் கருத வேண்டியதே.

தமிழ்ப் பக்கத்துக்கு இதன் விளைவு யாது? சாதாரணத் தொலைநகல் நியமத்தில் மேலிருந்து கீழாக ஒரு மில்லிமீற்றருக்கு நான்கு கோடுகூட இல்லை. சிறிய அச்செழுத்தின் மேலுள்ள மெய்ப்புள்ளி அரை மில்லிமீற்றரை எட்டாதது. அதன்மீது ஒரு கோடோ இரு கோடோதான் விழும். மை சற்று மங்கியிருப்பின் அதுவும் எல்லைக்குக் கீழ்ப்பட்டு வெள்ளையாகிவிடும். ஆங்கில எழுத்தில் ஐ என்பதன் தலைப்புள்ளி போனாலும் சொல் போகாது. தமிழிற் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகும். இறந்தகாலம் பெயரெச்சமாகலாம், பெயர் வேறொரு பெயராகலாம். மறுதலையாக, தாளிலிருந்த தூசி கறுப்பாகப் பதிந்து இல்லாத புள்ளியைத் தோற்றுவித்தலும் உண்டு. வருடலின் நெருக்கம் கூடக்கூட இவ்விடர் குறையும். 1990இல் கோர்னெல் பல்கலைக்கழகம் நொறுங்கும் நூல்களை வருடத் தொடங்கியபோது அங்குலத்துக்கு 600 புள்ளி கொண்டமை இக்காரணத்தாலேயே. அங்கும் இரு நிறமே. வருடிய படத்தை நீடித்து நிற்கும் தாளில் மறுபடி அச்சிட்டு நூலாக்கி அடுக்கியமை சுவையான செய்தி.

படக்கோப்பின் வடிவங்கள் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1986இல் ரிஃப், 1992இல் ஜேபெக், 1993இல் பிடிஎஃப் என அவை அடுத்தடுத்து வந்தன. இவற்றுள் ஜேபெக் இயற்கைக் காட்சிகளின் ஒளிப்படங்களுக்காக அமைந்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாகப் பக்கத்தைப் பிரித்து, கண் எளிதில் உணராத நுண்ணிய வேறுபாடுகளைக் களைவது அதன் முறை. எழுத்தின் ஓரங்கள் இத்தகைய வேறுபாடுகளால் ஆனவையாதலின், மிகச் சுருக்கும்போது எழுத்தைச் சூழ அழுக்குப் படிந்தாற்போன்ற தோற்றம் உண்டாகும். ஆயினும் அது வெளிப்படையான கேடு; வாசிப்போன் கண்டு எச்சரிக்கை அடைவான்.

கண்டறிய இயலாத கேடு 2013 ஓகஸ்டில் வெளிப்பட்டது. யேர்மனியின் போன் நகரைச் சேர்ந்த கணனியியலாளர் டேவிட் கிறீசல், கட்டட வரைபடமொன்று வருடப்பட்டபோது அறைகளின் பரப்பு மாறியிருப்பதைக் கண்டார். மூலத்தில் மூன்று அறைகளுக்கு 14.13, 21.11, 17.42 என மூன்று அளவுகள். படத்திலோ மூன்றுக்கும் 14.13. எழுத்து சிதையவில்லை, மங்கவுமில்லை. மிகத் தெளிவாகப் பொய்யாக இருந்தது. வேறு பட்டியல்களில் 6 எனும் இலக்கம் 8 ஆகியிருந்தது. 2000ஆம் ஆண்டளவில் நியமமான ஜேபிக்-2 என்னும் சுருக்கமுறையே இதற்குக் காரணம். பக்கத்தில் ஒத்த வடிவங்களைத் தேடி, ஒன்றை மட்டும் சேமித்து, ஏனைய இடங்களிலெல்லாம் அதனையே பொருத்துவது அம்முறையின் ஒரு வகை. இரு வடிவங்கள் ஒத்தவை என எந்த அளவிற் கொள்வது என்பதில் நேர்ந்த தவறு, ஓரெழுத்தின் இடத்தில் இன்னோரெழுத்தை வைத்தது. உலகெங்கும் அலுவலகங்களிற் பல ஆண்டுகளாக வழங்கிய பொறிகள் இவ்வாறு செய்துவந்தமை அதுவரை அறியப்படவில்லை. பின்னர் உற்பத்தியாளர் திருத்தம் வெளியிட்டனர். 2015இல் யேர்மனிய அரசின் தகவற் பாதுகாப்புப் பணியகம் சான்றாவணங்களுக்கு இம்முறையை விலக்கிற்று. அதற்கு முன்னர் வருடி, மூலத்தைக் கழித்த ஆவணங்களின் நிலை யாது என்பதை அறிய வழியில்லை.

இந்நிகழ்ச்சியில் ஏட்டைப் பெயர்த்தெழுதியவன் திரும்பி வந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகின்றது. இஃது இன்ன எழுத்து எனத் துணிந்து, தான் துணிந்ததை எழுதுகின்ற அதே செயல். வேறுபாடு யாதெனில், அவனுடைய பிழையிற் கையெழுத்தின் தடுமாற்றம் தெரியும், பின்வந்தோர் ஐயுறுவர். பொறியின் பிழை மூலத்தின் அச்சுருவிலேயே தோன்றுகின்றது.

எம்மவர்க்கு இது பிறநாட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். எரிந்த நூல்களை வேறு பிரதிகளில் தேடிப் பெறலாம் என்பது அச்சுநூலுக்கு ஓரளவு பொருந்தும், சுவடிக்குப் பொருந்தாது. தமிழகத்திற் கோட்டையூர் ரோஜா முத்தையாச் செட்டியார் திரட்டிய நூல்களைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கி, 1994இற் சென்னையிலேயே நூலகமாக அமையச் செய்து நுண்படமாக்கும் பணியை மேற்கொண்டது. அங்கு படமும் மூலமும் ஒருங்கு பேணப்பட்டமை பாராட்டத்தக்கது. 2005இல் ஈழத்து நூல்களை வருடி யாவர்க்கும் கிடைக்கச் செய்யும் நோக்குடன் நூலகத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. இடப்பெயர்வுகளின் ஊடாகப் பெட்டிகளில் வைத்துக் காத்த ஒற்றைப் பிரதிகளைப் பொறுத்தவரை, வருடப்பட்ட படமே நாளை மூலமாக நிற்கவும் கூடும். அமெரிக்க நூலகர் தாமே விரும்பி ஏற்ற நிலை எம்மவர்மேல் வலிந்து வந்து விழுந்தது.

ஓலையைப் படமாக்குவதன் இடர்ப்பாடு தனியானது. எழுத்தாணியாற் கீறி மை பூசிய எழுத்து, மை அகன்றபின் வெறும் பள்ளமாக நிற்கும். பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழுந்தாலன்றி அது புலப்படாது. பழுத்த ஓலையின் பழுப்பு இருநிற வருடலிற் கறுப்பாகி எழுத்தோடு கலந்துவிடும். இவற்றினும் மேலாக ஒன்று உண்டு. ஓலையில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. கறுப்புத் துணியின்மேல் ஓலையை வைத்துப் படமெடுத்தால் பூச்சி அரித்த துளை கரும்புள்ளியாகத் தோன்றும். ஏடு எழுதியவன் இடாத புள்ளியைச் செல் இட்டுவிடும். வெளிர்நிறத் தளத்தின்மேல், முழு நிறத்தில், அளவுகோலும் நிற அட்டையும் அருகில் வைத்து எடுக்கும்போது துளை துளையாகவே தெரிகின்றது. செலவும் நேரமும் மிகும் என்பது உண்மை. நூறு ஏடுகளை இவ்வாறு எடுக்கும் நேரத்தில் ஆயிரம் அச்சுப் பக்கங்களை வருடிவிடலாம். எதனை முதலிற் செய்வது என்பதில் ஆர்வலரிடையே கருத்து வேறுபாடு எழுவது இயல்பே; சுவடிக்கு அவசரம் அதிகம் என்பது என் கருத்து.

பழைய ஏடுகளின் இறுதியிற் பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும். இன்ன ஆண்டு, இன்ன திங்கள், இன்ன நாளில், இன்னார் ஏட்டைப் பார்த்து, இன்னார்க்காக, இன்னார் எழுதியது. பிழையிருப்பிற் பொறுத்தருள்க என்பதாக அஃது அமையும். சுவடியாய்வாளன் ஒரு பிரதியின் மதிப்பைக் கணிப்பதற்கு முதலில் தேடுவது அக்குறிப்பையே. யாருடைய நூலிலிருந்து, எந்நாளில், எவ்வளவு நெருக்கத்தில், எச்சுருக்கமுறையில் வருடப்பட்டது, எப்பக்கங்கள் மூலத்திலேயே இல்லாதவை என்னும் விபரங்களைத் தாங்கிய படக்கோப்புகளும் உள. ஆயினும் யான் இக்கட்டுரைக்காக எடுத்துப் பார்த்தவற்றுட் பெரும்பாலானவை முன்னட்டையோடு தொடங்கி, விளம்பரப் பக்கங்கள் நீக்கப்பட்ட நிலையில், கடைசி அத்தியாயத்தோடு முடிவனவாகவே இருந்தன.