பாய்ஸ் கம்பெனியும் சனிக்கிழமை வகுப்பும்

கிளென்ஃபீல்ட் மாலுக்குப் பின்பக்கம் இருக்கற எங்க வீட்டுல மொத்தம் நாலு பேர். மூணு பேர் மாஸ்டர்ஸ் படிக்கறோம். நாலாவது ஆள் வேலைக்குப் போறான், ஆனா மனசெல்லாம் சினிமா. போன மாசம் சனிக்கிழமை நடிப்பு வகுப்பு ஒண்ணுல சேரட்டுமான்னு கேட்டான். ஃபீஸ் அவனோட மூணு வார வாடகை. "வேஸ்ட்டுடா மச்சி, ரஜினி எந்த க்ளாஸுக்குப் போனார்?"ன்னு மத்த ரெண்டு பேரும் ஒரே போடா போட்டாங்க.

போனாருங்க! பெங்களூர்ல கண்டக்டரா இருந்தப்பவே புராண நாடகங்கள்ல வேஷம் கட்டினவர். அப்புறம் சென்னையில திரைப்பட வர்த்தக சபை நடத்தின நடிப்புப் பள்ளியில சேர்ந்து படிச்சார். கே. பாலசந்தர் கண்ணுல பட்டது அங்கதான். 1975-ல 'அபூர்வ ராகங்கள்'. பஸ்ஸுல இருந்து நேரா கேமரா முன்னாடி இறங்கின மாதிரி நாமதான் கதையைச் சுருக்கி வச்சிருக்கோம்.

அன்னைக்கு ராத்திரி தீஸிஸ் எழுத வேண்டிய நேரத்துல இதைப் பத்தித்தான் யோசிச்சுட்டு இருந்தேன் (கைடு இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியம்). நடிப்பைச் சொல்லிக் குடுக்க முடியுமா? தமிழ்நாட்டுல இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கு. பரிசோதனைக்கு ஆளானது சின்னப் பசங்க.

தூத்துக்குடிக்காரர் சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) எல்லாருக்கும் தெரியும். அவர் காலத்துல 'ஸ்பெஷல் நாடகம்'னு ஒரு வழக்கம். ராஜபார்ட் ஒரு ஊர்லேர்ந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர்லேர்ந்து, பபூன் வேற ஊர்லேர்ந்து. ஒத்திகை கிடையாது. மேடையிலதான் சந்திப்பு. எல்லாருக்கும் கதையும் பாட்டும் தெரியும், அதனால ஓடும். ஆனா பெரிய நடிகர்கள் எழுதினதைப் பேசாம தங்கள் இஷ்டத்துக்கு இழுப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டறதே பாதி நாடகம். இவங்களைத் திருத்த முடியாதுன்னு சுவாமிகள் பசங்க பக்கம் திரும்பினார். 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. அங்க அண்ணன்களோட சேர்ந்தவர்தான் டி.கே. ஷண்முகம். அப்ப அவருக்கு வயசு ஆறு!

பாய்ஸ் கம்பெனின்னா நாம நினைக்கற க்ளாஸ் இல்லை. கம்பெனி வீட்டுலயே சாப்பாடு, அங்கயே தூக்கம். காலையில பாட்டு, அப்புறம் வசனப் பாடம், ராத்திரி நாடகம். சொல்லிக் குடுக்கறவர் பேர் வாத்தியார். தப்பு பண்ணினா அடி. பெண் வேஷமும் பசங்கதான். ஒரு ஊர்ல மாசக்கணக்கா முகாம் போட்டு ஆடிட்டு அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுவாங்க. மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசைத் தரை டிக்கெட் வரைக்கும் குரல் போகணும். போகலைன்னா அங்கேர்ந்தே கத்துவாங்க. ஷண்முகம் தன்னோட 'எனது நாடக வாழ்க்கை' புத்தகத்துல ஒரு விஷயம் சொல்றார். அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில பாட்டோட எழுதிக் குடுத்தாராம். ஒரு பையனோட குரலும் தெம்பும் தெரிஞ்ச வாத்தியார் அவனுக்குன்னே ஒரு வேஷம் எழுதறார். எந்தக் க்ளாஸ்ல இது கிடைக்கும்?

இங்கேர்ந்து வந்தவங்க பட்டியல் நீளம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா. காளி என். ரத்தினம் அங்க வாத்தியார். (பின்னால ஊரே 'வாத்தியார்'னு கூப்பிட்டவருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார் :-)) ஜகந்நாதய்யர் கம்பெனியில எம்.ஆர். ராதா. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில நம்பியார். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல சொந்தமா ஆரம்பிச்ச சபாவுல என்.எஸ். கிருஷ்ணன். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில சிவாஜி.

அப்ப பயிற்சி பலிக்குதுன்னு சொல்லிடலாமா? அவசரப்படாதீங்க. எம்.ஜி.ஆர். முதல் படம் 1936-ல 'சதி லீலாவதி'. கதாநாயகனா 'ராஜகுமாரி' வந்தது 1947-ல. நடுவுல பதினோரு வருஷம் துண்டு துக்கடா வேஷம். சிவாஜிக்குப் 'பராசக்தி' (1952) முன்னாடி ஏகப்பட்ட வருஷ மேடை அனுபவம். இருந்தும் படப்பிடிப்பு ஆரம்பிச்சப்ப ஆள் ஒல்லி, சரிப்பட மாட்டான், மாத்துங்கன்னு பேச்சு வந்தது. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் பிடிவாதமா நின்னதாலதான் நமக்கு அந்த சிவாஜி. பயிற்சி எப்பேர்ப்பட்டதா இருந்தாலும் ஒரு பெருமாள் முதலியார் வேணும். சிவாஜி சத்தமா நடிக்கறார்னு இப்பக் கிண்டல் பண்றோமே, அது தரை டிக்கெட்டுக்குக் கேக்கணும்னு பழக்கின குரலுங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. சேர்றதுக்காகத் தான் அனாதைன்னு பொய் சொன்னதா சிவாஜியே சொல்லியிருக்கார். ஏழு வயசுப் பையன். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் சேர்ந்தது கலை ஆர்வத்தாலயா? அப்பா இல்லாத வீடு, கும்பகோணத்துல வறுமை. கம்பெனியில சாப்பாடு போடுவாங்க. பள்ளிக்கூடம் அதோட போச்சு. பதிமூணு பதினாலு வயசுல மகரக்கட்டு வந்து குரல் உடையும். அதுவரைக்கும் ஸ்திரீபார்ட்டா கைத்தட்டு வாங்கினவன் திடீர்னு எதுக்கும் ஆகாதவன். அந்தக் குரல் எப்படித் திரும்பி வருங்கறது அவன் அதிர்ஷ்டம்.

வக்கீல்கள் வேற மாதிரி விளையாடினாங்க. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல சென்னையில ஆரம்பிச்ச சுகுண விலாச சபா நம்ம அர்த்தத்துல முதல் டிராமா கிளப். சத்தியமூர்த்தி, சி.பி. ராமசாமி அய்யர் எல்லாம் மேடையேறின இடம். பகல்ல கோர்ட்டு, சாயங்காலம் ஒத்திகை. பிழைப்பு வேற, ஆசை வேற. நாடகம்னா கூத்தாடிப் பொழப்புன்னு இருந்த பேச்சை மாத்தினதுல அவங்களுக்குப் பங்கு உண்டு.

அந்த வழியில வந்ததுதான் 1950, 60-கள்ல ஆபீஸ் வேலை பார்த்துக்கிட்டே நாடகம் போட்ட கூட்டம். ரயில்வே கிளார்க் நாகேஷ். வயித்துவலிக்காரரா ஒரு சின்ன வேஷத்துல வந்தவரை, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலயே பாராட்டினது பிரபலமான கதை. ஏ.ஜி. ஆபீஸ் பாலசந்தர் அவருக்காகவே 'சர்வர் சுந்தரம்' எழுதினார், 1964-ல படமாவும் வந்தது. டெலிபோன் இலாகா சுந்தரராஜன் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்துக்கு அப்புறம் ஆயுசுக்கும் மேஜர்.

எனக்குப் பிடிபட்டது இங்கதான். சுவாமிகள் ஷண்முகத்துக்கு எழுதினார், பாலசந்தர் நாகேஷுக்கு எழுதினார். கிளப்புல நடிப்பை விட முக்கியமா, உன்னை வச்சு எழுதறவன் ஒருத்தன் கிடைக்கறான். இந்த ஊர்லயும் இதே கதைதான். டைக்கா வைட்டிட்டியும் ஜெமைன் கிளெமென்ட்டும் வெலிங்டன்ல விக்டோரியா பல்கலைக்கழகத்துல படிக்கறப்ப ஒண்ணா மேடை ஏறினவங்க. ஆஸ்கர் 2020-லதான் வந்தது, கூட்டாளி அதுக்கு ரொம்ப முன்னாடியே கிடைச்சுட்டான்.

கூத்துப்பட்டறையைச் சொல்லாம இதை முடிச்சா அடிப்பீங்க. ந. முத்துசாமி 1977-ல ஆரம்பிச்சது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் எல்லாரும் அங்க பழகினவங்க. துபாய்லேர்ந்து திரும்பின விஜய் சேதுபதி அங்க சேர்ந்தது கணக்குப் பார்க்க. கணக்கு எழுதிக்கிட்டே நடிகர்களைப் பார்த்துட்டு இருந்தவர், 2010-ல 'தென்மேற்குப் பருவக்காற்று' நாயகன். அவர் நடிகரானதுக்குக் காரணம் பட்டறையா, கூர்ந்து பார்க்கற கண்ணா? ரெண்டும்தான்னு நினைக்கறேன். தினமும் நடிப்பு நடக்கற இடத்துல உட்கார்ந்திருந்தார்ங்கறது மட்டும் நிச்சயம்.

அதனால நண்பன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வரச் சொன்னேன்: வருஷத்துக்கு எத்தனை தடவை, காசு குடுத்து வந்த அந்நியர்கள் முன்னாடி நிக்க வைப்பீங்க? டெர்ம் முடிவுல ஒரு தடவை, குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும்னாங்களாம். அதாவது நாங்க மூணு பேர்! தகபுனாவுல ஏரிக்கரை பம்ப் ஹவுஸ் தியேட்டர் இருக்கு, பழைய தண்ணி இறைக்கற நிலையம். அங்க போடற நாடகக் குழுக்களோட ஆடிஷனுக்குப் போ, கூட்டத்துல ஈட்டி பிடிச்சு நிக்கற வேஷம்னாலும் வாங்கிக்கோன்னேன். முகம் சுளிச்சான். ரெண்டுக்கும் போறதா இப்பத் திட்டம்.

எனக்கு மனசுல நிக்கறது வேற. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ராதான்னு பத்து இருபது பேரை வச்சு பாய்ஸ் கம்பெனி பெருமை பேசறோம். அந்த வீடுகள்ல பக்கத்துப் பாயில படுத்திருந்தவங்க நூத்துக்கணக்கான பசங்க. அதே வாத்தியார், அதே அடி, அதே பாட்டு. குரல் உடைஞ்சதும் ஊருக்குத் திரும்பினவங்க என்ன ஆனாங்க? பெரிய நடிகர்கள் சுயசரிதை எழுதினாங்க, இவங்க எழுதலை. மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து மக்களே, உங்க தாத்தாவோ பெரிய தாத்தாவோ சின்ன வயசுல கம்பெனியில இருந்தார்னு வீட்டுல ஒரு பேச்சு இருந்தா, தெரிஞ்ச பாட்டிகளைக் கேட்டு எழுதி வையுங்க. எந்தக் கம்பெனி, என்ன வேஷம், எப்ப வீட்டுக்கு வந்தார், அது போதும்.