குழிக்கு விடுமுறை இல்லை

திண்டுக்கல் பேகம்பூருக்குப் பெயர் தந்தவர் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் என்பது ஊர் வழக்கு. பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. 1755இல் ஹைதர் பவுஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, வந்த திண்டுக்கல், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. ஹைதர் காலத்துக் கதை அத்துடன் ஓய்ந்தாலும், பேகம்பூரையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் பின்னாளில் உருவாக்கியது தோல். தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு இங்கே ‘தோல் ஷாப்பு’ என்று பேர். உப்பிட்டு வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் கழற்றி, ஒட்டியிருக்கும் சவ்வைக் கத்தியால் வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் புரட்டிப் புரட்டிப் போட்டு, கடுக்காய் நீரில் முடிப்பது பழைய முறை. குழியில் கிடக்கும் தோல் நாள் கிழமை பார்க்காது. சுண்ணாம்பில் அளவு மீறி ஊறினால் தளர்ந்துவிடும். பச்சைத்தோல் உப்புக் காணாமல் கிடந்தால் அழுகத் தொடங்கும். அதனால்தான் குர்பானித் தோல்கள் வந்து குவியும் பக்ரீத், ஊருக்குப் பெருநாளாக இருந்தாலும், தோல் தொழிலுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாளாகவும் இருந்தது.

இப்படிப்பட்ட ஊரில், நீண்ட விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவரின் இன்றைய மனக்குறையை வைத்துப் பார்க்கலாம். விடுப்பில் எடுத்த தூரிகையையோ பாதி எழுதிய கதையையோ ஓரங்கட்டிவிட்டுப் போகிறோமே என்பது அந்தக் குறை. வேலை வளர்ந்தால் கலை தேயும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ஆனால் ‘வேலைநாள்’, ‘விடுப்புநாள்’ என்று ஆண்டை இரண்டாகக் கிழித்தது அண்மைக்கால ஏற்பாடு. பிரான்ஸில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானதே 1936இல்தான். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒன்று என்று சம்பள விடுப்பு தந்தது. கணக்குப் பார்த்தால் 12 நாள். 1958இல் சென்னை மாநிலச் சட்டம் தேசிய நாள்களையும் பண்டிகை நாள்களையும் அதனுடன் சேர்த்தது. இவை யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல. சங்கம் கட்டிக் கேட்டு வாங்கியவை. என்றாலும், உடம்பு தேறத்தான் 12 நாள் போதும். ஒரு கலை வளர அது போதவே போதாது.

அப்படியானால் இந்த மண்ணின் பெரிய கலைப்படைப்பு எந்த நேரத்தில் விளைந்தது? திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் அவர்கள் சங்கமாகத் திரண்டதையும் சொல்லும் ‘தோல்’ நாவலை எழுதிய டி. செல்வராஜ், திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். நெல்லை மாவட்டத்துத் தென்கலத்தில் 1938இல் பிறந்த அவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ‘தேநீர்’ நாவலில் எழுதியிருந்தார். ‘தோல்’ 2010இல் வெளிவந்து 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பருமனான நாவல் ஒரு விடுமுறையில் முளைத்திருக்க வழியில்லை. முன்பணக் கடன், குழிக்குள் இறங்கி நிற்கும் உடம்பு, சுண்ணாம்பு தின்ற கை, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பேச்சு முறை எல்லாம் அதில் துல்லியமாக இருப்பதற்குக் காரணம், எழுதியவர் தொழிலாளர் பக்கம் நின்று அதே ஊரில் பிழைப்பு நடத்தியவர் என்பதுதான். பிழைப்பு அவருடைய எழுத்து நேரத்தைத் தின்றிருக்கும். ஆனால் எழுதுவதற்கான பொருளைக் கொடுத்ததும் அதே பிழைப்புதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுதியவர் வக்கீல், குழியில் நின்றவர் அல்ல. நாள் முழுக்கத் தோல் வழித்து வீடு திரும்பியவன் கையில் பேனா தங்குமா? தங்காது என்பதே உண்மை. அதனால்தான் ஓய்வு என்பது சலுகையல்ல, உரிமை. வேலையே கலைக்கு உரம் என்று சொல்லி விடுப்பைக் குறைக்க வருகிறவருக்கு இந்த வாதத்தில் இடமில்லை. ஓய்வு இல்லாத இடத்தில் கலைக்குக் கதவே திறக்காது. நான் சொல்வது கதவு திறந்த பிறகு நடப்பதைப் பற்றி. இன்னொரு மறுப்பு: இன்றைய அலுவலக மேசையில், குழியில் கிடைத்ததுபோல எழுத என்ன இருக்கிறது? பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் கோப்பு பார்த்த எழுத்தாளர் காஃப்கா அந்த வேலையைப் பற்றி ஓயாமல் நொந்துகொண்டார். ஆனாலும் அலுவலகமும் அதன் படிக்கட்டுகளும் முடிவில்லாத விசாரணைகளும்தான் அவர் கதைகளின் உலகம். மேசை வெறுமையானது என்று சொல்வதற்கு முன், அதைக் கவனித்துப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, விடுப்பு முடியும் நாளைக் கலைக்கு இறுதிநாளாக எண்ண வேண்டியதில்லை. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் போட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து வந்து மொத்தமாகப் புரட்டினால் சாறு ஒரே சீராக ஏறாது. அன்றன்றைக்குக் கொஞ்சம் புரட்ட வேண்டும். பேகம்பூர்த் தொழிலாளி அதைக் கலைக்காகக் கற்கவில்லை, கூலிக்காகக் கற்றான். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர் மாலையில் அரைமணி நேரம் தன் கதையைத் தொட்டால், அவர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.