வட்டமும் நோட்டும்

நாணயம் மாற்றிக் கொடுக்கும் சராபு பிடித்துக்கொள்ளும் தள்ளுபடிக்கு ‘வட்டம்’ என்று தமிழில் ஒரு பெயருண்டு. கரன்ஸி நோட்டு வழங்குவதற்கென்று ஆங்கில சர்க்கார் இத்தேசத்தைக் கூறுபடுத்தி அமைத்த பிராந்தியங்களுக்கும் தமிழில் வட்டம் என்றே சொல்லவேண்டியிருக்கிறது. சொற்கள் இப்படி ஒன்றுபட்டது தற்செயலாக இருக்கலாம். ஒரு வட்டம் மற்றதைப் பெற்றெடுத்தது தற்செயலன்று.

வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று ராஜதானிப் பாங்குகளும் வெளியிட்டுவந்த நோட்டுகளை நிறுத்தி, அந்த அதிகாரத்தை இந்திய சர்க்காருக்கே உரியதாக்கியது 1861-ஆம் ஆண்டின் காகித நாணயச் சட்டம். நான்கு கோடி ரூபாய் வரையில் சர்க்கார் கடன்பத்திரங்களை ஈடாக வைக்கலாம். அதற்குமேல் வெளியாகும் நோட்டுக்கெல்லாம் வெள்ளி முதலியவை கஜானாவில் இருந்தே தீரவேண்டும். ஈடு பழுதற்றதுதான். ஆனால், ரயில்பாதைகள் பெரும்பாலும் போடப்படாத அக்காலத்தில், எந்த ஊரில் எவர் நோட்டை நீட்டினாலும் வெள்ளி கொடுப்பதென்றால் மூட்டை மூட்டையாக ரூபாயை ஊர்தோறும் சுமந்து திரியவேண்டும் என்றஞ்சிய சர்க்கார், ஒவ்வொரு நோட்டும் தான் பிறந்த வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும் என்று வரம்பு கட்டிவிட்டது. கல்கத்தாவில் நூறு ரூபாயாக இருந்த காகிதம் சென்னைக்கு வந்ததும் சராபின் தயவை நாடி நிற்கலாயிற்று. அவர் தயவுக்கு விலைதான் வட்டம்.

இத்தனைக்கும் நோட்டை விரும்பி வாங்கியவர்கள் இருந்தார்கள், ஏனெனில் தபாலில் அனுப்ப அதைப்போல் லகுவான பொருள் வேறில்லை. வழியில் களவு போகாமலிருக்க வியாபாரிகள் செய்த யுக்தி ரசமானது. நோட்டை நடுவே கத்தரித்து, ஒரு பாதியை முதலில் உறையிலிட்டு அனுப்புவார்கள். அது சேர்ந்தது என்று பதில் வந்தபிறகே மற்றப் பாதி புறப்படும். பெற்றவர் இரண்டு பாதிகளிலும் எண்ணைச் சரிபார்த்து, பசைதடவி ஒட்டிக்கொள்வார். முதற்பாதியைத் திருடியவனுக்குக் கிடைத்தது வெறுங்காகிதமே. காரியாலயத்தில் உதிக்காத இந்த ஏற்பாட்டை நான் அச்சட்டத்தின் நான்கு கோடிக் கணக்கைவிட மெச்சுகிறேன்.

வட்டத்தின் வேலி ஒரே நாளில் சாயவில்லை. 1903-இல் ஐந்து ரூபாய் நோட்டு, பர்மா நீங்கலாக, எங்கும் செல்லும் என்றாயிற்று. பத்தும் ஐம்பதும் 1910-இலும், நூறு 1911-இலும் அந்தச் சுதந்திரத்தைப் பெற்றன. சிறிய நோட்டை முதலில் விடுவித்தது விவேகம்.

பின்னர் யுத்தம் வந்து வெள்ளியின் விலை ஏற, 1917 நவம்பர் 30-ஆம் தேதி ஒரு ரூபாய்க்கே நோட்டு பிறந்தது. இருபத்தைந்து நோட்டுகளைச் சிறு புத்தகமாகத் தைத்தும் கொடுத்தார்கள். வேண்டியபோது ஓர் ஏட்டைக் கிழித்துக் கொடுத்தால் ஒரு ரூபாய் செலவழிந்தது.