பைண்டு புத்தகம் காலமானது

வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ முதுகு ஒட்டி, பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் வைத்துப் போற்றிய பைண்டு புத்தகம் காலமாகிவிட்டது. இன்ன நாளில் என்று குறிக்க முடியாத சாவு அது. ஒரு வீட்டில் வெள்ளையடிக்கும்போது போனது. இன்னொரு வீட்டில் ஃபிளாட்டுக்குக் குடிபோகும்போது. மற்றொரு வீட்டில் பெரியவரின் காரியமெல்லாம் முடிந்து, பிள்ளைகள் ஊர் திரும்புமுன் அவர் அறையைக் காலி செய்தபோது. பழைய பேப்பர்காரர் வாசலிலேயே அட்டையைப் பிய்த்துத் தனியாகப் போட்டுவிட்டுத் தாளை மட்டும் தராசில் வைத்தார்.

பிறந்த கதை எளிது. 1926இல் தொடங்கிய ஆனந்த விகடன் 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்தது. 1941இல் கல்கி, 1947இல் குமுதம் தொடங்கின. வாரந்தோறும் தொடர்கதை வந்தது. வாரந்தோறும் வீடு காத்திருந்தது. நாவல் நூலாக வருவதற்கு நாளாகும், வந்தாலும் மாதச் சம்பளக் குடும்பத்துக்கு விலை கட்டாது. பத்திரிகைக்குத்தான் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்றே! கையில் இருக்கும் தாளைக்கொண்டு வீடே தன் புத்தகத்தைச் செய்துகொண்டது. எழுத்தாளர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்தது. அத்தனை ஆண்டு இதழ்களையும் ஒரு வாரம் விடாமல் சேர்த்து, மணியத்தின் ஓவியங்களோடு கட்டி வைத்த வீடுகள் உண்டு. பெரும்பாலும் இது பெண்கள் செய்த வேலை. பத்திரிகையை யார் இரவல் கேட்டாலும் கொடுத்து, கொடுத்ததை நினைவு வைத்துத் திரும்ப வாங்கி, கிழிக்கும் நாள்வரை காப்பாற்றியவர்கள் அம்மாக்களும் அத்தைகளும்தான். நடுவில் ஒரு வாரம் தொலைந்துபோனால் பக்கத்துத் தெரு இதழை வாங்கிவந்து நோட்டுத் தாளில் அத்தியாயத்தையே கையால் எழுதிச் சேர்த்தவர்களும் இருந்தார்கள்.

செய்முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பைண்டின் குணங்களெல்லாம் செய்முறையிலிருந்து வந்தவை. பத்திரிகையின் நடுப் பின்னைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தால் தாள்கள் இரட்டை இரட்டையாகக் கழன்று வரும். நடு மடிப்பில் கிழித்தால்தான் தொடர்கதைப் பக்கம் தனியாகும். வார வரிசைப்படி அடுக்கி, சணல் கட்டிப் பைண்டரிடம் கொடுப்பார்கள். அவருக்கு முக்கியப் பிழைப்பு கடைக் கணக்குப் பேரேடும் பள்ளிப் பாடநூலும். தொடர்கதைக் கட்டு மூலையில் காத்திருக்கும். ஒற்றைத் தாள்கள் என்பதால் நடுத்தையல் போட வழியில்லை. ஓரத்தில் குத்தூசியால் துளையிட்டு ட்வைன் நூலால் தைப்பார். பசை மைதா மாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம். மேலே மார்பிள் பேப்பர், முதுகில் காலிகோ. கடைசியாக மூன்று பக்கமும் வெட்டி நேராக்குவார். வெட்டில் சில பக்கங்களின் கடைசி வரி போகும். ஓரத்தையல் உள்பக்க எழுத்துகளை விழுங்கும். பாதிச் சொல்லைப் பார்த்து முழுச் சொல்லை ஊகித்துக்கொண்டே படிக்கப் பழகிய தலைமுறை ஒன்று இருந்தது.

இந்தக் குறைகளுக்குள்தான் பைண்டின் பெரிய கொடை ஒளிந்திருந்தது. வாரம் நாலைந்து பக்கம் வரும் தொடர், தாளின் இரு பக்கத்திலும் கச்சிதமாக அடங்காது. அத்தியாயம் முடிந்த தாளைப் புரட்டினால் பின்னால் வேறொன்று இருக்கும்: பாதி ஜோக், பல்பொடி விளம்பரம், ஒரு சங்கீதக் கச்சேரி விமர்சனத்தின் நடுப்பகுதி, யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிக் கட்டம். கதையின் தலைப்பும் எழுதியவர் பெயரும் கிழித்தெறிந்த தாளோடு போயிருக்கும். முடிவு மட்டும் நம் கையில் இருக்கும். எங்கள் வீட்டுப் பைண்டு ஒன்றில், ரயில் நிலையத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு கிழவரின் கதை இப்படி முடிவு மட்டுமாக இருந்தது. அதன் தொடக்கத்தைத் தேடித்தான் நான் சிறுகதைத் தொகுப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கதை கிடைக்கவில்லை; அதற்குப் பதிலாக மற்ற எல்லாம் கிடைத்தன.

இப்படிச் சம்பந்தமில்லாதவை ஒன்றாகச் சேர்ந்ததற்கு இன்னொரு காரணம் கனம். சிறிய தொடர் ஒன்றைத் தனியாகக் கட்டினால் முதுகு நிற்காது. "கனம் பத்தலை, வேற எதாவது இருந்தா குடுங்க" என்பார் பைண்டர். வீட்டில் எந்தக் கட்டு கைக்கு எட்டியதோ அது கூடச் சேரும். அந்தச் சேர்க்கையில் ரசனைக்கும் வேலையில்லை, வகைக்கும் வேலையில்லை. துப்பறியும் கதைக்குப் பக்கத்தில் கோயில் சிற்பம் வந்து உட்காரும். குடும்ப நாவல் முடிந்த அடுத்த தாளில் விமானம் ஏறிப் போனவரின் பயணக் கட்டுரை தொடங்கும்.

வாரப் பத்திரிகைகள் அப்போது எவ்வளவு விதமாகப் போட்டன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சேர்க்கையின் வீச்சு புரியும். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் முடிவு பெறாமலே நின்றது. கதை படிக்க உட்கார்ந்தவர்கள் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு வாழ்க்கைக்குள் போய் விழுந்தார்கள். அதே விகடனில் தேவனின் 'துப்பறியும் சாம்பு' சிரிக்க வைத்தது. சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' கோயில் தூண்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலுவின் கோடுகளோடு, நாகஸ்வரக்காரர்களின் உலகத்தைத் திறந்தது. மணியனின் 'இதயம் பேசுகிறது' வெளிநாடுகளைக் காட்டியது. கல்கியில் ராஜாஜி பாரதத்தையும் ராமாயணத்தையும் சொன்னார், நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற பெயரில் 'குறிஞ்சி மலர்' எழுதினார், அதைப் படித்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அதன் நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி பெயர்களை வைத்தார்கள். குமுதத்தில் சாண்டில்யனின் கடற்போரும், பிரெஞ்சுக் கைதி ஒருவர் தீவுச் சிறையிலிருந்து தப்பிய கதையை ரா.கி. ரங்கராஜன் தமிழாக்கிய 'பட்டாம்பூச்சி'யும் வந்தன. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளே சுதேசமித்திரன் வாரப்பதிப்பில் வந்த தொடர்தான். பிறகு சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேச வைத்தார். அறிவியல் புனைகதை என்று பெயர் சொல்லி யாராவது நீட்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பைண்டில் இருந்ததால் படித்தார்கள்.

இரவல் போய்வந்த பெருமையும் பைண்டுக்கு உண்டு. முதல் பக்கத்தில் பெயரும் 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்' என்ற வேண்டுகோளும் எழுதிய பைண்டு, கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளையிடமிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் போகும். அங்கிருந்து ஓய்வுபெற்ற வாத்தியாரிடம். ஒருவருக்கு வேண்டியது இரண்டாவது கதை மட்டுமாக இருந்தாலும் முழுக் கட்டையும்தான் தூக்கிப் போக வேண்டும். மழை நாளில் மீதியும் படிக்கப்பட்டுவிடும்.

ஆராய்ச்சிக்கும் அது பயன்பட்டது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் வந்தது. அதன் வித்தான 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை விகடனில் வந்தது. சிறுகதையில் தாய் மகளை ஏற்றுக்கொள்கிறாள். நாவல், அப்படி ஏற்காமல் போயிருந்தால் என்ற பாதையில் போகிறது. இரண்டு பைண்டும் உள்ள வீட்டில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்கலாம். சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு', எதிர்ப்பால் நிறுத்தப்பட்டு, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு தலைப்பில் எழுந்தது. நிறுத்தப்பட்ட அந்த அத்தியாயங்களைக் கிழித்து வைத்தவர் ஒரு சரித்திர ஆவணத்தை வைத்திருந்தார்.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பைண்டின் உலகம் வாரப் பத்திரிகை ஆசிரியர்கள் கதவு திறந்துவிட்ட உலகம் மட்டுமே. 'எழுத்து' போன்ற சிற்றிதழ்களில் நடந்த பெரிய விவாதங்கள் அந்தக் காலிகோ முதுகுக்குள் வரவில்லை. சிறுகதையாளர் மௌனி வரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய எழுத்து, பைண்டு நோய்ப்படுக்கையில் விழுந்த பிறகே பரவலாக வந்தது. வாரா வாரம் திடுக் திருப்பத்தில் நிறுத்த வேண்டிய கட்டாயத்தில் பல நாவல்கள் தேவைக்கு மேல் ஊதிப்போயின. சேர்த்து வைத்துப் படிக்கும்போது அந்த ஊதல் பளிச்சென்று தெரிந்தது.

சாவுக்குக் காரணம் ஒன்றல்ல. தொடர் முடிந்ததும் பதிப்பகங்கள் சுடச்சுட நூலாகப் போட ஆரம்பித்தன. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பதிப்பகங்களின் மலிவுப் பதிப்பாகக் கிடைத்தது. மூன்றரை ஆண்டு பத்திரிகை சேர்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது. தொண்ணூறுகளில் தொலைக்காட்சித் தொடர்கள் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டன. பத்திரிகைகள் தொடர்கதையைக் குறைத்துக்கொண்டன. கணக்குப் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போனதும் பைண்டரின் அன்றாட வருமானம் போனது; ஸ்பைரல் போடும் ஜெராக்ஸ் கடை அந்த இடத்தில் வந்தது. மலிவுத் தாள் தன் பங்குக்குப் பழுத்து நொறுங்கியது, ராமபாணப் பூச்சி மிச்சத்தைத் தின்றது. ஃபிளாட்டில் பரணுக்கு இடமில்லை. 2020இல் கல்கி அச்சு இதழே நின்றுபோனபோது, பைண்டைப் பெற்றெடுத்த வீடுகளில் ஒன்றும் மூடியது.

கதைகள் சாகவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலே பெயர் சொன்னவற்றில் பெரும்பாலானவை நல்ல தாளில், வரி வெட்டுப்படாமல் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. போனவை இரண்டு. ஒன்று ஓவியங்கள்: பல நூற்பதிப்புகள் அவற்றை விட்டுவிட்டன. இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரர்கள்: ஒரு கதையோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றதெல்லாம். இன்று நமக்குப் புத்தகம் காட்டும் இணையக் கடை நாம் வாங்கியதைப் போன்றதையே மறுபடி மறுபடி காட்டுகிறது. சரித்திர நாவல் வாங்கியவருக்கு இன்னும் பத்துச் சரித்திர நாவல். அவர் விலங்கியல் நூலையோ, நாடகத்தையோ, ஒரு நடிகரின் தன்வரலாற்றையோ தற்செயலாகத் தொடும் வாய்ப்பை அது எண்ணிப் பார்ப்பதில்லை. விருப்பம் அறிந்து பரிமாறும் இந்த ஏற்பாட்டைவிட, கனம் போதவில்லை என்று கையில் கிடைத்ததைச் சேர்த்துத் தைத்த பைண்டர் விரிந்த வாசகரை உருவாக்கினார் என்பதே என் தீர்ப்பு.

ஆகவே இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பைண்டு மிஞ்சியிருந்தால், எடைக்குப் போடுமுன் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். தாள்களின் பின்பக்கத்தையும் சேர்த்து. எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு எழுதிக் கேளுங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் பிறர் கழித்துவிட்ட தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததால்தான் அந்த நூலகமே உண்டாயிற்று. இரண்டாவது, அடுத்த முறை நூலகத்துக்கோ புத்தகக் காட்சிக்கோ போகும்போது, தேடிப் போன நூலை எடுத்த கையோடு, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வாருங்கள். பிடிக்காமல் போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம், அல்லது யாருக்காவது இரவல் தரலாம்.