மாதோட்ட மண்ணும் மாணவர் ஆராய்ச்சியும்

ஈழத்தின் வடமேற்குக் கரையிலே, மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், குதிரை லாடம் போன்ற வடிவினதாய் ஒரு மண்மேடு கிடக்கின்றது. அதனைச் சூழ இரட்டை அகழிகளின் தடம் காணப்படும். பாளி நூல்கள் மகாதித்த என்று கூறுவதும், தமிழர் மாதோட்டமென்றும் மாந்தையென்றும் வழங்குவதும் இவ்விடமே. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்கேயே உள்ளது. சோழர் ஆட்சியிலே இதற்கு இராசராசபுரம் என்ற மறுபெயரும் உண்டாயிற்று.

இம்மேட்டினுள் என்ன இருக்கின்றதென்று எழுதினோர் பலர். அதனை ஆராய்ந்தவர்கள் ஆராயும் முறையை யாரிடம் கற்றனர், தாம் கற்றதை யாருக்குக் கற்பித்தனர் என்பதை எழுதினோர் மிகச் சிலரே. ஓரிடத்தின் வரலாற்றறிவு ஒரு தலைமுறையோடு அழிந்துபோகாது நிலைபெறுவது பின்னர்க் கூறியதனாலேயே ஆதலின், அதனை இங்கு ஒருவாறு நோக்குதல் தகும்.

ஆறுமுக நாவலர் 1872இல் திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டுமாறு சைவ மக்களுக்கு விண்ணப்பம் செய்தார். அவர் நோக்கம் வழிபாடு. பழம்பொருள் நோக்கோடு இவ்விடத்தை முதலிற் பார்த்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். மன்னாரிற் கடமை புரிந்த போக் என்பவர் 1887இல் இதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1920களில் தொல்பொருட் கமிஷனராயிருந்த ஹோகார்ட் இங்கே மண்ணை அகழ்ந்தார். 1950-51இல் அத்திணைக்களத்தைச் சேர்ந்த சண்முகநாதன் மறுபடியும் அகழ்ந்தார். இவர்கள் செய்தவை குறைத்து மதிப்பிடற்பாலனவல்ல. ஆயினும் உத்தியோகத்தர் இடம் மாறுவர், ஓய்வு பெறுவர், அவர் கண்ட நுட்பங்களுள் எழுத்தில் ஏறியவை மட்டுமே எஞ்சும். அருகிலிருந்து அகழும் கையைப் பார்த்துப் பழகிய மாணாக்கர் இல்லாதவிடத்து, அடுத்து வருபவர் முதலிலிருந்தே தொடங்கவேண்டியவராகின்றார்.

இக்கரையின் கடலாராய்ச்சியிலும் இதுவே நிகழ்ந்தது. முத்துச்சலாபம் பொய்த்துப்போவதன் காரணத்தை அறியும்பொருட்டு, 1902இல் லிவர்ப்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். அவருடன் வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்ப, ஹோர்னெல் தங்கி வேலையைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அவ்வறிக்கை வெளிவந்தது. ஹோர்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையிற் சேர்ந்து, தென்னாட்டு வள்ளங்களைப் பற்றியும் ஆராய்ந்து புகழ்பெற்றார். மூத்தவர் தொடங்கியதை இளையவர் தங்கி முடித்தமைக்கு இது நல்ல சான்று. ஆனால் அக்காலத்தே இந்நாட்டிற் பல்கலைக்கழகமொன்று இல்லை. ஆதலின் அவ்விருவரிடமும் பழகத்தக்க பல்கலைக்கழக மாணவரும் இங்கு இலர்.

நிற்க, 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அது லண்டன் பல்கலைக்கழகத்தின் புறநிலைப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. வினாத்தாள் கடல் கடந்து வந்தது. விடைத்தாள் கடல் கடந்து போயிற்று. அத்தகைய ஏற்பாட்டிலே, மன்னார்க் கரையிற் கிடக்கும் ஓர் ஓட்டுத்துண்டைக் கையிலெடுத்து ‘இது எக்காலத்தது?’ என்று கேட்பதற்கு மாணவனுக்கு எந்தத் தேவையும் ஏற்படவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, அடுத்த பத்தாண்டிலே பேராதனையில் வேரூன்றிய பின்னரே இந்நிலை மெல்ல மாறலாயிற்று. அங்கே பயின்ற தமிழ் மாணவர் சிலர் மேற்படிப்பை நாடி லண்டனுக்குச் சென்றனர். அரசரத்தினம் ஒல்லாந்தரின் மூல ஆவணங்களைக் கற்று, இலங்கையில் அவர்தம் ஆட்சியைப்பற்றி ஆராய்ந்து, அதனை 1958இல் நூலாக்கினார். இந்திரபாலா 1965இல் ஈழத்துத் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும் பற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றார். பத்மநாதன் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பொருளாகக் கொண்டார்.

இத்தகைய ஆய்வுக்கு மாணவன் எத்துணைப் பயிற்சியோடு செல்லவேண்டும் என்பதற்கு மாதோட்டத்துச் சாசனம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். முதலாம் இராசராசன் காலத்தில், சோழமண்டலத்துச் சிறுகூற்றநல்லூருடையவனாகிய தாழி குமரன் என்பவன் மாதோட்டத்திலே இராசராச ஈச்சரம் என்ற கோயிலை எடுப்பித்து, அதற்கு நிலமும் பிறவும் அளித்த செய்தியை அது கூறுகின்றது. கல்லெழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் செய்தியை அறிவான். அக்காலத்து வளநாடு, ஊர், வரி ஆகியவற்றின் அமைப்பை அறிந்தவனே, சோழநாட்டிலிருந்து வந்த ஓர் உத்தியோகத்தன் கடல் கடந்த துறைமுகத்திற் கோயில் கட்டியதன் பொருளை உணர்வான். பாளி நூல்களையும் சிங்களச் சாசனங்களையும் ஒப்பிட வல்லவனே அதன் மறுபக்கத்தையும் காண்பான். இவையனைத்தையும் ஒருவன் தானே தேடிக் கற்றல் அரிது. எதனை முதலிற் கற்கவேண்டும், எதனைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். நூலகம் எவ்வளவு பெரிதாயினும் இதனைச் சொல்லாது.

இந்திரபாலாவின் வரலாறு மற்றொன்றையும் விளக்குகின்றது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய பின்னர் அவர் அங்கே வரலாற்றுத் துறையிற் பணியாற்றினார். 1980இல் அவரும் இளம் ஆய்வாளராகிய இரகுபதி முதலியோரும் ஆனைக்கோட்டையிலே பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்தபோது, குறியீடுகளோடு பிராமி எழுத்தும் பொறித்த ஒரு முத்திரை கிடைத்தது. இரகுபதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புக்களைப்பற்றி எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது. இந்திரபாலாவோ, 2005இல் வெளியிட்ட தமது நூலிலே, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பட்ட ஆய்வில் தாம் கொண்டிருந்த முடிபுகளுட் பலவற்றை விட்டு, ஈழத்தமிழர் வெளியிலிருந்து பிற்காலத்தில் வந்து குடியேறியோர் எனக் கொள்ளாது, ஆதிகாலந்தொட்டு இந்நாட்டிலேயே படிப்படியாக உருவாகிய இனக்குழுவெனக் காட்டினார். கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வு முடிந்த முடிபன்று என்பதை மாணவர் அறிதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது. ஆசிரியர் தமது கொள்கையைத் தாமே திருத்துவதைப் பார்க்கும் மாணவன், பாடக்குறிப்பு எதிலும் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொள்கின்றான்.

இனி மாதோட்டத்துக்கு மீளலாம். ஆனைக்கோட்டை அகழப்பட்ட அதே 1980ஆம் ஆண்டில், ஜோன் கார்ஸ்வெல் என்ற அறிஞரின் தலைமையில், தொல்பொருள் திணைக்களத்தின் துணையோடு, மாந்தையிலே பெரிய அகழ்வாராய்ச்சி தொடங்கியது. சீனத்து மட்பாண்டங்களும், மேற்காசிய நாடுகளின் மெருகிட்ட பாண்டங்களும், மணிகளும் அங்கே வெளிப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடியிலே, துறைமுகம் தோன்றுதற்கு நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த மக்களின் சிறு கற்கருவிகள் கிடைத்தன. சீனத்துக்கும் பாரசீகக் குடாவுக்கும் இடையே கப்பல்கள் கூடிய துறை இது என்று நூல்களால் அறிந்ததை மண்ணே மெய்ப்பித்தது. ஆனால் 1984இல், உள்நாட்டுப் போரினால் அவ்வேலை நின்றுபோயிற்று. அகழ்ந்த குழிகள் காடு மூடின. முழுமையான அறிக்கை கார்ஸ்வெல், சிரான் தெரணியகல, அலன் கிரகாம் ஆகியோர் பெயரில் 2013இலேதான் நூலாக வெளிவந்தது.

இடைப்பட்டவை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அகழ்வு நின்ற ஆண்டிற் பிறந்த குழந்தை பள்ளி முடித்து, பட்டம் பெற்று, தொழிலில் அமர்ந்த பின்னரே அந்நூலைக் காண முடிந்தது. அப்பத்தாண்டிலும் அடுத்ததிலும் மன்னாரிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வரலாறு பயின்ற பட்டதாரி மாணவர்கள், இந்தியப் பெருங்கடலின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றின் அயலிலே வாழ்ந்தும், அதன் மண்ணடுக்கைக் கண்ணாற் காணும் வாய்ப்பை இழந்தனர். போரால் அழிந்தவற்றைக் கணக்கிடுவோர் வீடுகளையும் கோயில்களையும் கணக்கிடுவர். பழக்கப்படாது போன மாணவரை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

அவ்வாறிருந்தும் தொடர்பு முற்றாக அறுந்துவிடவில்லை. சிற்றம்பலம் புனேயிலே இலங்கைப் பெருங்கற்காலப் பண்பாட்டை ஆராய்ந்து, 1980இற் கலாநிதிப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கற்பித்தார். அங்கே பயின்ற புஷ்பரட்ணம் போர்க்காலத்திலேயே பூநகரியைச் சுற்றி ஆராய்ந்து 1993இல் நூலெழுதினார்; தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மேலாய்வு செய்தார். அவர் பேராசிரியரான பின், 2016-17இல், மன்னார்ப் பெருநிலத்திலே கட்டுக்கரைக் குளத்தின் அயலில் அகழ்வு நடத்தினார். சுடுமண்ணாலான உருவங்களும் வழிபாட்டுச் சின்னங்களும் அங்கே பெருந்தொகையாகக் கிடைத்தன. இவ்வகழ்விலே பல்கலைக்கழகத்துத் தொல்லியல் மாணவரும் ஈடுபட்டனர் என்பதே இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி.

அகழ்குழியில் மாணவன் கற்பது யாது? நிலத்தைச் சதுரங்களாக வகுத்து நூல் கட்டுகின்றான். மண்ணை வெட்டாது, சிறு கரண்டியாற் சுரண்டிச் சுரண்டி இறங்குகின்றான். நிறம் மாறுமிடத்து நிற்கின்றான். அங்கே ஒரு காலம் முடிந்து வேறொன்று தொடங்குகின்றது. ஓட்டுத்துண்டு எந்தச் சதுரத்தில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணடுக்கிற் கிடந்தது என்று எழுதிய பின்னரே அதனைப் பையிலிடுகின்றான். எழுதாது எடுத்த துண்டு வெறும் ஓடே, எழுதியெடுத்ததோ சான்று. அதன்பின் கழுவுதல், இலக்கமிடுதல், விளிம்பின் வளைவை வரைதல் முதலியன நாட்கணக்கில் நடைபெறும். பொன்னோ சிலையோ கிடைக்குமென்று வந்தவன் இரண்டாம் நாளே சலிப்படைவான். சலியாதவனை ஆசிரியர் கண்டுகொள்வார். மேற்படிப்புக்கு யாரை அனுப்பலாம் என்பது பெரும்பாலும் இவ்வாறே தீர்மானமாகின்றது. பரீட்சைப் புள்ளிகள் அதனை உறுதி செய்யும், அவ்வளவே.

வேறொரு செய்தியும் இங்கே கவனித்தற்பாலது. போர் முடிந்தவுடன், 2009-10இல், மாந்தையில் மீண்டும் ஒரு சிறு அகழ்வு நடைபெற்றது. இம்முறை மண்ணை நீரிலிட்டுக் கலக்கி, மிதந்து வந்த கரிந்த விதைகளைச் சேர்த்து ஆராய்ந்தனர். நெல்லும் மிளகும் கிடைத்தன, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதெனக் கணிக்கப்பட்ட ஒரு கராம்பும் கிடைத்தது. கராம்பு அக்காலத்தே விளைந்தது மலுக்குத் தீவுகளில். தாழி குமரன் கோயிலெடுத்த நாளை ஒட்டிய காலத்திலே கீழ்த்திசைக் கடலிலிருந்து வந்த வாசனைப்பண்டம் மாதோட்டத்தில் இறங்கியதென்று, விரல்நுனியளவான ஒரு பொருள் கூறிவிட்டது. இம்முடிபுகள் 2018இல் வெளியாயின. அவ்வாராய்ச்சியிற் பங்குகொண்ட விஜேரத்ன போகிங்கமுவ, மாந்தை முதலிய இடங்களின் பொருள்களை ஆராய்ந்தே ஒக்ஸ்போட்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ருகுணுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். தென்கோடியிலிருந்து ஒருவர் மன்னார் மண்ணைக்கொண்டு ஒக்ஸ்போட்டுக்குச் செல்லலாமெனின், வடக்கிலிருந்து செல்லத் தடையென்ன என்று வினவுதல் பொருந்தும்.

ஆனால் வழி நீண்டது. சிறப்புக்கலை மாணவன் இறுதியாண்டில் எழுதும் ஆய்வுக்கட்டுரையே முதற்படி. அதனை நான்கு நூல்களிலிருந்து பெயர்த்தெழுதி ஒப்பேற்றுவோரும் உளர் என்பதை மறைப்பதிற் பயனில்லை. பொருளைக் குறுக்கி, புதிதாக ஒரே ஒன்றையேனும் தானே கண்டு எழுதியவனுக்கு அக்கட்டுரையே பின்னர் மேற்பட்ட ஆய்வின் வித்தாகின்றது. அவனுக்கே ஆசிரியரும் மனமுவந்து நற்சான்றுக் கடிதம் எழுதுவர். மன்னாரை ஆராய விரும்புவோனுக்கு மொழிகளும் வேண்டும். 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும் கைப்பற்றிய தீவு இது. அவர்தம் பத்திரங்களைப் பிறர் மொழிபெயர்ப்பிலே மட்டும் நம்பியிருப்பவன் பாதி வழியில் நின்றுவிடுவான்.

புறநிலைப் பட்டத்துக்குப் படிப்போரின் நிலை இதனினும் கடினமானது. இப்பகுதிப் பாடசாலைகளில் வரலாறு கற்பிப்போருட் பலர் அவ்வழியே பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்கு அகழ்குழியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. விளக்கடியில் நூலும், ஆண்டிறுதியிற் பரீட்சையும் மாத்திரமே உண்டு. எனினும் அவர்கள் கிராமங்களில் வாழ்கின்றனர். இது பேராதனையிலும் கொழும்பிலும் இருப்போர்க்கு வாய்க்காத நன்மை. அரிப்பிலே கடலரித்து இடிந்து நிற்கும் மாளிகையை ஊரார் அல்லிராணி கோட்டை என்பர். அதனைக் கட்டுவித்தவர் பிரித்தானியரின் முதற் தேசாதிபதியாகிய நோர்த். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்புக் காலத்திலே தங்குதற்கெனக் கட்டுவித்தார். நூறாண்டு இருநூறாண்டுக்குள் ஓர் ஆங்கிலேயர் வீடு கதையிலுள்ள அரசியின் கோட்டையான விதத்தை, சிலாவத்துறை தொடங்கி வங்காலை வரையுள்ள முதியோரிடம் கேட்டெழுதி, அரசாங்க ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஓராண்டு வேலைக்குப் போதிய பொருள். அதற்கு ஒரு குறிப்பேடும், ஒரு துவிச்சக்கர வண்டியும், எழுதியதை வாரந்தோறும் வாசித்து ‘இதற்குச் சான்று எங்கே?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக்கொடுக்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும்.