பிஷப் வர்ற வரைக்கும்

தூத்துக்குடி மாவட்டத்துல ஒரே சடங்குக்கு ரெண்டு பேர் இருக்கு. கத்தோலிக்கர் வீட்டுல கேட்டா 'உறுதிபூசுதல்'. சி.எஸ்.ஐ. வீட்டுல கேட்டா 'திடப்படுத்தல்'. பசங்க பேசிக்கிறப்போ ரெண்டுமே 'கன்ஃபர்மேஷன்'. நடத்துறவருக்கும் அப்படித்தான். அங்கே ஆயர், இங்கே பேராயர், தெருவுல ரெண்டு பேருமே பிஷப்.

இந்த எபிசோடுக்காக நான் சாயர்புரம் போயிருந்தேன். சாமுவேல் சாயர்ங்கிற வணிகர் கிறிஸ்தவர்களுக்காக வாங்கிக் கொடுத்த நிலத்துல, 19ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல உருவான ஊர். திருக்குறளை ஆங்கிலத்துல மொழிபெயர்த்த ஜி.யு. போப் 1840கள்ல இங்கேதான் செமினரி நடத்தினார். ஊர் பேர்லயே ஆங்கிலிக்கன் மிஷன் வரலாறு இருக்கு. ஆனா அந்த வாரம் நண்பனோட அக்கா பையனுக்கு உறுதிபூசுதல், பக்கத்து கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில்ல. "நீயும் வாயேன்டா"ன்னு கூப்பிட்டான், போனேன்.

மேளம், வேட்டு, பொன்னாடையோட ஆயரை உள்ளே கூட்டிட்டு வந்தாங்க. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பசங்க வரிசையா நின்னாங்க. ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஞானப் பெற்றோர், வலது கையைப் பிள்ளையோட தோள்ல வச்சுக்கிட்டு. ஆயர் கட்டைவிரலை கிறிஸ்மா தைலத்துல தொட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நெத்தியில சிலுவை போட்டார். ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம்கூட ஆகல.

பங்குச் சாமியார் பக்கத்துல தைலத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அதே பசங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், தினமும் பூசை வைக்கலாம், கல்யாணம் நடத்தி வைக்கலாம். இதை மட்டும் ஏன் அவரே செய்யல? பக்கத்துல இருந்த ஆச்சிகிட்ட கேட்டேன். "அதுக்கு ஆயரு வரணும்லா, தம்பி"ன்னாங்க.

அந்த 'வரணும்லா'வுக்குள்ளே இந்தக் கடற்கரையோட 400 வருஷக் கதை இருக்கு.

மொதல்ல, இந்த விதி எங்கிருந்து வந்துச்சு? ஆதித் திருச்சபையில ஞானஸ்நானமும் தைலம் பூசுறதும் ஒரே நேரத்துல, பிஷப் முன்னாடி நடந்துச்சு. சபை நகரத்தைத் தாண்டிக் கிராமங்களுக்குப் பரவினதும் பிஷப்பால எல்லா இடத்துக்கும் போக முடியல. கிழக்குச் சபைகள் ஒரு வழி எடுத்தாங்க: பிஷப் மந்திரிச்ச தைலத்தை வச்சு பாதிரியாரே பூசட்டும். ரோமைச் சார்ந்த மேற்குச் சபை வேற வழி எடுத்துச்சு: ஞானஸ்நானம் இப்போ, மத்தது பிஷப் வர்றப்போ. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, கோடு யார் வேணா எழுதலாம், கடைசி அப்ரூவல் ஒரே ஆள் கையில.

ஐரோப்பாவுல இது சமாளிக்கிற மாதிரி இருந்துச்சு. இங்கே?

1535ல முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்துக்குளிப்புல வந்த மோதல்ல பாதுகாப்பு தேடி கொச்சியில போர்த்துக்கீசியரைப் போய்ப் பார்த்தாங்க. ரெண்டு மூணு வருஷத்துல சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. 1542ல பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கையே ஓய்ஞ்சு போகுதுன்னு 1544ல கடிதம் எழுதினார். ஆனா சவேரியார் பாதிரியார்தான், பிஷப் இல்ல. அப்போ இந்தியாவுல இருந்த மறைமாவட்டம் கோவா. அதோட எல்லை ஆப்பிரிக்காவோட நன்னம்பிக்கை முனையிலிருந்து சீனா வரைக்கும்! யோசிச்சுப் பாருங்க, புன்னைக்காயல்லயும் மணப்பாட்டுலயும் இருக்கிற பிள்ளைங்க நெத்தியைத் தொட அந்த விரல் எப்போ வந்து சேரும்?

1557ல கொச்சி தனி மறைமாவட்டம் ஆச்சு, தூரம் கொஞ்சம் குறைஞ்சுது. ஆனா தூத்துக்குடியை 1658லயும் கொச்சியை 1663லயும் டச்சுக்காரங்க பிடிச்சுட்டாங்க. அவங்க சீர்திருத்த சபைக்காரங்க. கத்தோலிக்க ஆயர் உட்கார்ந்திருந்த ஊரே கைமாறிப் போச்சு.

இதே விரலை ஜனங்க வேண்டாம்னு சொன்ன இடமும் உண்டு. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் கிழக்கு மரபுக்காரங்க. 1599ல கோவா பேராயர் மெனேசிஸ் அங்கே ஊர் ஊராப் போய் உறுதிபூசுதல் கொடுக்க ஆரம்பிச்சப்போ எதிர்ப்பு கிளம்புச்சு. அந்தக் கால ரோமைச் சடங்குல பூசினதுக்கு அப்புறம் கன்னத்துல லேசா ஒரு தட்டு உண்டு. விசுவாசத்துக்காக அடி வாங்கவும் தயாரா இருக்கணும்னு அதுக்கு விளக்கம். நெத்தியில குறி, கன்னத்துல அடி: இது எங்களைப் போர்த்துக்கீசியனுக்கு அடிமையாக்குற வேலைன்னு அந்த மக்கள் சொன்னாங்க. எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாப் படுது. சடங்கு அருளைப் பத்தினதுதான். ஆனா அந்த விரல் யாருடையதுங்கிறதும் சேர்ந்தேதான் வருது.

சாயர்புரம் பக்கத்துக்கு வருவோம். ஆங்கிலிக்கன் சபையும் அதே மேற்கத்திய விதியை வச்சிருந்துச்சு. அங்கேயும் பிஷப் கையை வச்சாதான் திடப்படுத்தல். 1835 வரைக்கும் தமிழ்நாட்டுக்கு பிஷப்பே கல்கத்தாவுலதான். அங்கிருந்து வந்த பிஷப் ஹீபர், 1826 ஏப்ரல் 3 காலையில திருச்சிக் கோட்டைக் கோயில்ல தமிழ்க் கிறிஸ்தவர்களைத் திடப்படுத்திட்டு, வெயிலுக்குக் குளிக்கப் போனவர் குளியல் தொட்டியிலேயே இறந்தார். வயசு 42. கல்லறை இன்னைக்கும் திருச்சி செயின்ட் ஜான்ஸ் சர்ச்ல இருக்கு.

திருநெல்வேலி வட்டாரத்துக்குன்னு பிஷப்புகள் வந்தது 1877ல. இடையன்குடி கால்டுவெல்லும் சார்ஜென்டும் ஒரே நாள்ல கல்கத்தாவுல அபிஷேகம் ஆனாங்க. ரெண்டு பேரும் தமிழ்ல ஊறினவங்க. ஆனாலும் வெள்ளைக்காரங்க, பதவியும் சென்னை பிஷப்புக்கு உதவியாத்தான்.

இப்போ ரெண்டு வருஷங்களைக் குறிச்சுக்கோங்க. 1912 டிசம்பர் 29: இந்தியாவோட முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப், வி.எஸ். அசரியா. பிறந்த ஊர் வெள்ளாளன்விளை, நம்ம தூத்துக்குடி மாவட்டம். 1923: தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகுது. முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச், இயேசு சபைக்காரர், பரதவர். நவீன காலத்துல இலத்தீன் மறைமாவட்டம் ஒண்ணுக்குப் பொறுப்பேத்த முதல் இந்தியர். 11 வருஷ இடைவெளியில, ரெண்டு சபைக்கும், ஒரே மாவட்டம்!

ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அசரியாவுக்குக் கிடைச்சது தெலுங்கு நாட்டு தோர்ணக்கல். சொந்த திருநெல்வேலி வெள்ளைக்காரர் கையிலதான் தொடர்ந்துச்சு. 1947ல சி.எஸ்.ஐ. பிறந்தப்பவும் அங்கே பேராயர் செல்வின்தான். ரோச்சோ தன் கடற்கரைக்கே ஆயரா வந்தார். 1535ல கொச்சிக்குப் போன அந்தப் பரதவத் தலைவர்களைக் கணக்கு வச்சா, அவங்க சனத்துல ஒருத்தர் கட்டைவிரலால அவங்க பிள்ளைகளுக்குச் சிலுவை போட 388 வருஷம் ஆச்சு. ஞானஸ்நானம் ரெண்டு வருஷத்துல நடந்துச்சு. "நீங்களே நடத்தலாம்"ங்கிற நம்பிக்கை வர நாலு நூற்றாண்டு.

'இதெல்லாம் ஒரு சடங்குதானே'ன்னு சுலபமாத் தாண்டிப் போக என்னால முடியல. நீ முழுசா எங்க ஆளுன்னு சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்குங்கிறது கோயில்ல மட்டும் இருக்கிற கேள்வி இல்ல. சேர்த்துக்கிறது சீக்கிரம் நடந்துரும், பொறுப்பைக் கையில கொடுக்கிறதுதான் தாமதமாகும்.

இன்னைக்கு விதி கொஞ்சம் இளகியிருக்கு. 1971ல போப் ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தினப்போ அந்தக் கன்னத் தட்டல் போச்சு, இப்போ 'சமாதானம் உன்னோடு இருப்பதாக'ன்னு வாழ்த்து. சாகக் கிடக்கிறவங்களுக்குச் சாமியாரே பூசலாம். பெரியவங்க புதுசாச் சேர்றப்போவும் அப்படியே. ஆனா அப்பவும் தைலம் ஆயர் மந்திரிச்சதா இருக்கணும். புனித வாரத்துல ஆலிவ் எண்ணெயில நறுமணத் தைலம் கலந்து அவர் மந்திரிச்சு, ஒவ்வொரு பங்குக்கும் அனுப்புறாங்க. ஆள் வராட்டியும் அவர் தொட்ட எண்ணெய் வரும்.

உங்க வீட்டுல பழைய உறுதிபூசுதல் சான்றிதழோ திடப்படுத்தல் சான்றிதழோ இருந்தா எடுத்துப் பாருங்க. தேதிக்குக் கீழே பிஷப் பேரும் இருக்கும். தாத்தாவோடதுல யார் பேர், உங்களோடதுல யார் பேர்? இடைப்பட்ட காலத்துல என்னவெல்லாம் மாறியிருக்குன்னு அந்த ரெண்டு காகிதமே சொல்லிரும். கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க.